ஜிம்முக்குப் போனால் சிகரெட் தானாக விட்டுப்போகுமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 46. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. 22 வயதில் ஆரம்பித்த சிகரெட், சமீப காலம் வரை ஒரு நாளைக்கு 16. காலையில் கண் விழித்த பத்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைத்தாக வேண்டும். இதற்கு முன் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்திருக்கிறார். முதல் தடவை ஒன்பது நாள் தாங்கியது. இரண்டாவது தடவை இரண்டு மாதம் தாங்கியது, ஆனால் 4 கிலோ எடை கூடியதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். உடம்பு உடற்பயிற்சிக்குப் பழகிவிட்டால் சிகரெட் தானாகவே பிடிக்காமல் போய்விடும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். இப்போது 16 என்பது 6 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த ஆறில் ஒன்று, ஜிம்மை விட்டு வெளியே வந்த கையோடு. பாக்கெட்டும் லைட்டரும் ஜிம் பையின் பக்கவாட்டு ஜிப்பிலேயே இருக்கின்றன. நிகோடின் சூயிங்கம் போட்டுப் பாருங்கள் என்று மனைவி சொன்னதற்கு, "ஒரு விஷத்தை விடுவதற்கு இன்னொரு விஷமா?" என்று மறுத்துவிட்டார். வியர்வையில் நிகோடின் வெளியே போய்விடும்தானே என்றும் கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "ட்ரெட்மில்லில் எட்டு நிமிடம் ஆனால் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், பழக்கம் இல்லாததால் வரும் வலிதான் என்று நினைக்கிறேன்."

நண்பரே, உங்கள் கடிதத்துக்குக் கீழிருந்து மேலாகப் பதில் சொல்கிறேன். நோயாளிகள் முக்கியமான விஷயத்தைக் கதவருகே போய் நின்றுகொண்டு, "அப்புறம் டாக்டர், இன்னொன்று" என்று ஆரம்பிப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. உங்கள் கடைசி வரியும் அந்த ரகம்தான்.

பழக்கமில்லாமல் உடற்பயிற்சி செய்தால் வரும் தசைவலி எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது மறுநாள் வரும், தொட்டால் வலிக்கும், படி இறங்கும்போது உயிரை எடுக்கும், ஒரு வாரத்தில் போயே போய்விடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. ஐந்து வாரம் ஆகியும் இருக்கிறது, ஏறக்குறைய அதே நேரத்தில் வருகிறது, நின்றால் போகிறது, மறுபடி நடந்தால் திரும்ப வருகிறது. 24 வருடம் புகைத்த ஒருவர் இதைச் சொன்னால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி குறுகியிருக்கிறதோ என்றுதான் மருத்துவர் முதலில் சந்தேகப்படுவார். நடக்கும்போது கெண்டைத் தசை கூடுதல் ரத்தம் கேட்கும். குறுகிய குழாயால் அவ்வளவு கொடுக்க முடியாது, தசை இறுக்கிப் பிடிக்கும். நின்றதும் தேவை குறைந்துவிடும், வலியும் அடங்கிவிடும். முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்பட்டாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி வரலாம் என்பதால் ஒரு வரியை வைத்து நான் முடிவு கட்டவில்லை. ஆனால் இந்த வாரமே பார்த்துவிட வேண்டிய விஷயம்.

பரிசோதனை எளிது. படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, பேனா மாதிரி இருக்கும் ஒரு சின்ன டாப்ளர் கருவியால் ஓட்டத்தைக் கேட்பார்கள். ஊசி கிடையாது. கணுக்காலின் அளவைக் கையின் அளவால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஓய்வில் சரியாக வந்தாலும் வலி இருக்கிறதே என்றால், நடக்கவிட்டு மறுபடி எடுப்பார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள். காலில் குறுகினால் இதயத்திலும் குறுகியிருக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் அதே கையோடு பார்த்துவிடச் சொல்வேன்.

அதுவரை ட்ரெட்மில்லில் வேகத்தைக் கூட்ட வேண்டாம், சாதாரண நடை போதும். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல், மயக்கம் - இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே பாதம் வலித்தால், சில்லிட்டு வெளுத்தால், ஆறாத புண் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சோதனையில் அடைப்பு என்று வந்தாலும் முதலில் எழுதிக்கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்று நடைதான். வலி வரும்வரை நடப்பது, அடங்கும்வரை நிற்பது, மறுபடி நடப்பது; வாரத்துக்கு மூன்று தடவை, குறைந்தது 12 வாரம், ஒருவரின் மேற்பார்வையில். கூடவே சிகரெட்டை அடியோடு விடுவது. கடைசி வரியும் முதல் கேள்வியும் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

உடற்பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது

உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. பிடிக்காமல் போய்விடும் என்ற பாதியை விட்டுவிடுங்கள்.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உடற்பயிற்சி சேர்த்தால் சிகரெட் விடுவது எளிதாகுமா என்று செய்யப்பட்ட 24 ஆய்வுகளை, 7,000 பேருக்கு மேல், 2019-இல் காக்ரேன் அமைப்பு மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தது. ஆறு மாதம் கழித்து யார் இன்னும் புகைக்காமல் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, உடற்பயிற்சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. நடுவில் நம்பிக்கை தரும் ஆய்வுகளும் இருக்கத்தான் செய்கின்றன. 1999-இல் அமெரிக்காவில் 281 பெண்களை வைத்து நடந்த ஒன்றில், 12 வாரம், வாரத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்தவர்களில் ஒரு வருடம் கழித்து 11.9 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள்; பயிற்சி செய்யாத குழுவில் 5.4 சதவீதம். இரண்டு மடங்கு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி செய்தும் 100-க்கு 88 பேர் திரும்பப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தப் பெண்களுக்குப் பயிற்சியோடு முறையான குழு ஆலோசனையும் நடந்தது, வெறும் ஜிம் மட்டும் இல்லை.

அப்படியானால் ஷூவைக் கழற்றி மாட்டிவிடலாமா? வேண்டாம். சிகரெட் இல்லாமல் இருக்கும் ஒருவரைப் பத்து நிமிடம் வேகமாக நடக்கவிட்டு, நடப்பதற்கு முன்னும் நடக்கும்போதும் முடித்த பிறகும் 'இப்போது எவ்வளவு தவிப்பு' என்று மதிப்பெண் போடச் சொன்னால், மதிப்பெண் இறங்குகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி இறங்குவதில்லை. வேறு வேறு ஆய்வுக்குழுக்கள் செய்தும் இது திரும்பத் திரும்ப வந்த முடிவு. நடை முடிந்தும் கொஞ்ச நேரம் அந்தப் பலன் நிற்கிறது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: உடற்பயிற்சியை ஒரு மணி நேர ஜிம்மாக நினைக்காமல், நாளுக்கு ஐந்தாறு தடவை போட்டுக்கொள்ளும் பத்து நிமிட மருந்தாக நினையுங்கள். மாலை ஆறு மணிக்கு நீங்கள் தூக்கும் எடை, காலை பதினொன்றரைக்கு வந்த தவிப்புக்கு உதவாது. அது வந்த நேரத்தில் கால் நடக்க வேண்டும்.

ஒரு தவிப்பை நிதானமாகக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் கவனித்ததே இல்லை, அதற்குள் பற்றவைத்துவிடுவார்கள். முதலில் கை தானாகச் சட்டைப் பையைத் தொடும். அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு வெற்றிடம், எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, ஒரே ஒன்று என்று மனசு பேரம் பேச ஆரம்பிக்கும். இது ஏறிக்கொண்டே போய் தலை வெடித்துவிடும் என்று தோன்றும், ஆனால் அப்படி ஏறிக்கொண்டே போவதில்லை. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும், நீங்கள் புகைத்தாலும் சரி, புகைக்காவிட்டாலும் சரி. எழுந்து நடக்கிறவருக்கு மூன்றாவது நிமிடத்தில் மூச்சு கொஞ்சம் வேகமாகும், கவனம் காலுக்குப் போகும். பத்தாவது நிமிடத்தில் திரும்பி நாற்காலிக்கு வரும்போது, எதற்காக எழுந்தோம் என்பதே பாதி மறந்திருக்கும்.

வியர்வையில் போகாது

நிகோடினை உடைப்பது கல்லீரல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். இரவு தூங்கி எழும்போது பெரும்பகுதி போயிருக்கும், அதனால்தான் பத்து நிமிடத்துக்குள் உங்களுக்கு முதல் சிகரெட் தேவைப்படுகிறது. வியர்வை வழியாகப் போவது மிகச் சொற்பம், நுரையீரலில் படிந்த தார் வியர்வையில் போகவே போகாது.

கார்பன் மோனாக்சைடு வேறு கதை. அது மூச்சு வழியாக வெளியேறும், ஓய்வில் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், மூச்சு வாங்கப் பயிற்சி செய்தால் இன்னும் சீக்கிரம். இங்கேதான் உங்கள் ஜிம் வாசல் சிகரெட் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. ஒரு மணி நேரம் பாடுபட்டு வெளியேற்றியதை இரண்டு நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறீர்கள். போதாக்குறைக்கு, அந்த நேரத்தில் இதயம் இன்னும் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும், அதற்கு ஆக்சிஜன் தேவை அதிகம். அப்போது பார்த்து நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடும் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு சிகரெட்டில் உடனே கைவிட வேண்டிய ஒன்று எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். காலில் அப்படி ஒரு வலி இருக்கும்போது இன்னும் அழுத்திச் சொல்வேன்.

16 என்பது 6 ஆனது பற்றி

குறைத்ததற்குப் பாராட்டு, அது சும்மா வராது. ஆனால் ஆபத்து அதே விகிதத்தில் குறையவில்லை. மாரடைப்பு விஷயத்தில் கணக்கு ரொம்பக் கறார்: ஒரு நாளைக்கு 20 புகைப்பவருக்குக் கூடும் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும் இருக்கிறது என்று 2018-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள்.

இன்னொன்று, எண்ணிக்கை குறைந்தால் இழுப்பு ஆழமாகும். ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று எங்களிடம் இருக்கிறது, மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று சொல்லும். பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று பெருமையோடு வந்து ஊதியவர் ஒருவருக்குப் போன மாதத்து எண்ணைவிட இரண்டு மட்டுமே குறைவாக வந்தது. பொய் சொல்லவில்லை அவர். ஒவ்வொன்றையும் பஞ்சு சுடும்வரை இழுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஜிம் பழகட்டும், அப்புறம் ஆறு நான்காகும், நான்கு ஒன்றாகும் என்று காத்திருப்பதைவிட ஒரு தேதி வைத்து ஒரேயடியாக நிறுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் 697 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள், மறுபாதியைக் குறிப்பிட்ட நாளில் சட்டென்று. நான்கு வாரம் கழித்து, குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள், சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம்.

சூயிங்கம் விஷமா?

உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. முதலில் அவரிடம் அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

நிகோடின் அடிமைப்படுத்தும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் சிகரெட் புகையில் இருப்பது 7,000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள், புற்றுநோயை உண்டாக்குவதாகத் தெரிந்தவை மட்டும் சுமார் 70. தமனியைக் கெடுப்பதில் பெரும்பங்கு அந்தப் புகைக்குத்தான். சூயிங்கத்தில் தாரும் கார்பன் மோனாக்சைடும் கிடையாது, நிகோடினும் மெதுவாகத்தான் ஏறும். சிகரெட்டில் அது பத்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். அந்த வேகம்தான் பிடியை இறுக்குகிறது. எந்த உதவியும் இல்லாமல் மன உறுதியை மட்டும் நம்பி நிறுத்துபவர்களில் வருடக் கடைசியில் தாக்குப்பிடிப்பது 100-க்கு மூன்றிலிருந்து ஐந்து பேர். நிகோடின் மாற்று மருந்துகள் ஜெயிக்கும் வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன. தோலில் ஒட்டும் பேட்ச் ஒன்றும், தவிப்பு வரும்போது சூயிங்கம் ஒன்றும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது.

விழித்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம்தான் வழக்கம், 2 போதாது. அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். சுள்ளென்று காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், அரை மணி நேரம் இப்படி. போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபியும் குளிர்பானமும் வேண்டாம், வாயில் அமிலம் இருந்தால் மருந்து உறிஞ்சப்படாது. பேட்ச் ஒட்டிக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்தால் தோலில் ரத்த ஓட்டம் கூடி நிகோடின் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். படபடப்போ குமட்டலோ தெரிந்தால் பயிற்சிக்குக் கழற்றிவைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வேரனிக்ளின் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன, அவை மருத்துவர் பார்த்து எழுத வேண்டியவை. கால் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டே இந்தப் பேச்சையும் பேசுங்கள்.

அந்த 4 கிலோ

நிகோடின் பசியை அமுக்குகிறது, உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியையும் கொஞ்சம் கூட்டுகிறது. இரண்டும் ஒரே நாளில் நின்றால் எடை ஏறத்தான் செய்யும். நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். ஆக உங்களுக்கு நடந்தது சராசரிதான், உங்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் ஜிம் கட்டணம் உண்மையில் வேலை செய்யும் இடம் இது. பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு வருட முடிவில் எடை கூடியது சுமார் 2 கிலோ குறைவாக இருந்தது. இருந்தாலும் முதல் ஒரு மாதம் எடைக் கருவி மேல் ஏறாதீர்கள் என்பேன். போன தடவை உங்களைக் கவிழ்த்தது நிகோடின் இல்லை, அந்தக் கருவிதான்.

எப்படி ஆரம்பிப்பது

கால் பரிசோதனை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு தேதி. முந்தின இரவே ஷூவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், விழித்ததும் மூளை யோசிப்பதற்குள் கால் உள்ளே போய்விட வேண்டும். கடிதத்தில் உங்கள் ஆறு சிகரெட்டுக்கும் நேரம் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆறு நேரமும் இனி நடை நேரம். முடிந்தால் தவிப்பு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே எழுந்துவிடுங்கள். கால் இறுக்கிப் பிடித்தால் நின்று, விட்டதும் தொடருங்கள், மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை. கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாவிட்டால், நாற்காலியிலேயே தொடை, வயிறு, உள்ளங்கை என்று ஒவ்வொரு தசையாகப் பத்து விநாடி இறுக்கி விடுங்கள். நடையளவுக்கு வராது, ஆனால் அந்த நேரத்தைக் கடத்த உதவும்.

முதல் மூன்று நாள்தான் உச்சம். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். நடுவில் இருமல் கொஞ்சம் கூடலாம், செயலிழந்து கிடந்த மூச்சுக்குழாய் முடிகள் மறுபடி பெருக்க ஆரம்பித்ததன் அடையாளம் அது. பயந்து விடாதீர்கள், ரத்தம் வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். காபி குடிப்பவர் என்றால் அளவைப் பாதியாக்குங்கள். புகையில் உள்ள ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி காஃபீனைச் சீக்கிரம் உடைக்க வைத்துக்கொண்டிருந்தன, அது நின்றதும் அதே காபி ஏறக்குறைய இரண்டு மடங்காக வேலை செய்யும். அந்தப் படபடப்பை நிகோடின் தவிப்பு என்று நினைத்துக்கொண்டு பற்றவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நிறுத்தப்போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிவரும்.

ஜிம் பையின் அந்தப் பக்கவாட்டு ஜிப்பை இன்றைக்கே காலி செய்துவிடுங்கள், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். சூயிங்கம் அட்டை அதே ஜிப்புக்குள் அளவாக உட்காரும். கணுக்கால் எண் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள், 0.9-க்கு மேலே வந்தாலும் எழுதுங்கள். வலி எங்கிருந்து வருகிறது என்று அப்போது வேறு பக்கம் தேட வேண்டியிருக்கும்.